ஒரு கோப்பைக்கு நான்கு மொழி

"இது என்ன, காப்பியா பாயசமா?"

ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள் அம்மா. எழுபத்திரண்டு வயது. அதில் ஐம்பது வருஷம் காலை ஐந்தரை மணிக்கு டிகாக்ஷன் இறக்கிய அனுபவம். காப்பி விஷயத்தில் அவள் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுன் நகரத்துத் தெருமுனை ஒன்றில் இருந்த பழைய சீனக் காப்பிக்கடை அது. சலவைக்கல் பதித்த வட்ட மேசைகள், வளைத்த மர நாற்காலிகள், தலைக்கு மேல் நிதானமாகச் சுற்றும் மின்விசிறி. அம்மாவுக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை வியாதி. எனவே நான் முன்ஜாக்கிரதையாக இரண்டு விரல்களைக் காட்டி, "டூ காபி, நோ சுகர்" என்று சொல்லியிருந்தேன். கடைக்காரப் பெண்மணி தலையசைத்தார். பூப்போட்ட தடித்த பீங்கான் கோப்பைகளில் வந்தது கன்னங்கரிய பானம். அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்கு வெள்ளையாக ஏதோ தேங்கி நின்றது. அம்மா எங்கே போனாலும் கைப்பையில் ஓர் எவர்சில்வர் டம்ளர் கூடவே வரும். எச்சில் படாமல் தூக்கிக் குடிப்பவள். கலக்கி அதில் ஊற்றிக் கொடுத்தேன். தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் இனிப்பு.

"நோ சுகர்" என்றேன் மறுபடி. "யெஸ், நோ சுகர்" என்றார் கடைக்கார அம்மையாரும். இருவர் சொன்னதும் உண்மை. அவர் ஒரு சிட்டிகை சர்க்கரையும் போடவில்லை. போட்டது டின்னில் வரும் கன்டென்ஸ்டு மில்க். அதன் எடையில் ஏறக்குறையப் பாதி சர்க்கரைதான். காசு கொடுத்து வாங்கியதை வீணாக்கக் கூடாது என்று அம்மா முகத்தைச் சுளித்தபடியே பாதி டம்ளரைக் காலி செய்துவிட்டாள். இரண்டு மணி நேரம் கழித்து ஹோட்டல் அறையில் விரல் நுனியைக் குத்திப் பார்த்தபோது கருவி காட்டிய எண் 268.

மொழிபெயர்ப்பதைப் பிழைப்பாகக் கொண்டவனுக்கு இதைவிடப் பெரிய குட்டு வேண்டியதில்லை. சொல் சரியாகப் போய்ச் சேர்ந்திருந்தது. பொருள்தான் வழியில் தொலைந்துவிட்டது.

பினாங்குக்கு நாங்கள் போனது நான்கு நாள் விடுமுறைக்கு. 2023 டிசம்பரில் மலேசியா இந்தியர்களுக்கு விசா விலக்கு அளித்த பிறகு, கோவாவுக்கும் அந்தமானுக்கும் போய்ச் சலித்தவர்கள் பார்வை இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. சுமார் 300 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு. வடக்கே பத்து ஃபெரிங்கி கடற்கரையில் வரிசையாக ஹோட்டல்கள். கிழக்கு முனையில் ஜார்ஜ் டவுன். 1786இல் ஃபிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தத் தீவைப் பிடித்துக்கொள்ளும்வரை அது கெடா சுல்தானுக்குச் சொந்தம். கெடா என்றால் நம் கல்வெட்டுகளின் கடாரம்.

தமிழனுக்கு இந்த ஊர் முற்றிலும் அந்நியம் அல்ல. சூலியா தெரு என்ற பெயரே சோழ மண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களைக் குறிப்பது. குயின் தெருவில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் 1801இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். ராஜுலா என்ற கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு 1970களின் தொடக்கம்வரை இங்கே வந்துபோய்க் கொண்டிருந்தது. அதற்குப் பின் ஓடிய எம்.வி. சிதம்பரம் 1985இல் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் போக்குவரத்தே முடிந்துபோனது. ப. சிங்காரத்தின் நாவல்களைப் படித்தவர்களுக்குப் பினாங்குத் தெருப் பெயர்கள் மனப்பாடமாக இருக்கும். எனக்கும் இருந்தன. அதனால்தான் இங்கே எனக்கு எல்லாம் புரியும் என்ற மிதப்பும் இருந்தது.

அம்மாவுக்கு அப்படி எந்த மிதப்பும் கிடையாது. டில்லியிலிருந்து கிளம்பும்போதே கால் கிலோ காப்பிப் பொடியையும் சின்ன பித்தளை ஃபில்டரையும் பெட்டியில் வைத்திருந்தாள். ஹோட்டல் அறையில் வெந்நீர் கிடைத்தது, பால் கிடைக்கவில்லை. காகிதப் பொட்டலத்தில் வெள்ளைத் தூள் வைத்திருந்தார்கள். அதைக் கலந்ததும் நல்ல டிகாக்ஷன் சுண்ணாம்புத் தண்ணீர் ஆயிற்று. முதல் நாள் மாலை லிட்டில் இந்தியாவில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். "பசியாறியாச்சா?" என்று பரிவாக விசாரித்த பையன், அடுத்து "தண்ணி என்ன?" என்றான். "குடிக்கிற தண்ணிதாம்ப்பா" என்றாள் அம்மா. இரண்டு கிளாஸ் வெந்நீர் வந்தது. மலேசியத் தமிழில் தண்ணி என்றால் காப்பி, டீ, சர்பத் எல்லாம் அடக்கம் என்பதும், காப்பி போடுவதைத் தண்ணி கலக்குவது என்பார்கள் என்பதும் பிறகுதான் தெரிந்தது. காலைச் சாப்பாட்டுக்கே பசியாறல் என்றுதான் பெயர். நம் மொழிதான். ஆனால் அது இங்கே தனியாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறது.

இரண்டாம் நாள் நடந்ததுதான் நான் முதலில் சொன்ன பாயசக் கதை. மூன்றாம் நாள் காலை, வேறு கடைக்குப் போகலாம் என்றேன். அம்மா மறுத்தாள். "அந்த அம்மா மேல என்ன தப்பு? உனக்குக் கேட்கத் தெரியலை." அதே கடைக்குப் போனோம். அவசரத்தில் டம்ளர் ஹோட்டலிலேயே தங்கிவிட்டது.

இந்தக் கடைகளுக்குக் கோப்பித்தியாம் என்று பெயர். கோப்பி மலாய்ச் சொல். தியாம் என்றால் தென்சீனப் பேச்சுமொழிகளில் கடை. மலாய்க்காரர்கள் கெடாய் கோப்பி என்பார்கள். அந்தக் கெடாய், நம் கடைதான். சில நூற்றாண்டுகளுக்கு முன்பே கப்பல் ஏறிப் போய் மலாய் அகராதியில் குடியேறிவிட்ட சொல். கப்பலும் கபால் என்ற பெயரில் அங்கேயே இருக்கிறது.

கடை நடக்கும் விதம் முதலில் குழப்பும். முதலாளி விற்பது குடிப்பதற்கு மட்டும். கடைக்குள்ளும் வாசலிலும் நிற்கும் சாப்பாட்டு வண்டிகள் வெவ்வேறு ஆட்களுடையவை. அவர்கள் இடத்துக்கு வாடகை தருகிறவர்கள். நீங்கள் எந்த வண்டியில் என்ன வாங்கிச் சாப்பிட்டாலும் முதலாளியிடம் ஒரு கோப்பியாவது தேநீராவது சொல்லிவிட வேண்டும். நாற்காலிக்கு அதுதான் வாடகை. இரண்டு மூன்று ரிங்கிட்டுக்குள் முடிந்துவிடும். அதற்குமேல் எவ்வளவு நேரம் உட்கார்ந்து பேப்பர் படித்தாலும் யாரும் பில்லை நீட்டி விரட்டுவதில்லை. இடம் இல்லாவிட்டால், காலியாக உள்ள நாற்காலியைக் காட்டிச் சைகையால் கேட்டுவிட்டு, முன்பின் தெரியாதவர் மேசையில் உட்கார்ந்துகொள்ளலாம்.

அப்படி எங்கள் மேசைக்கு வந்து உட்கார்ந்தவர்தான் அந்தப் பெரியவர். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்றாம் தலைமுறை மலேசியத் தமிழர். நாங்கள் பேசியதைக் கேட்டுத் தானாகவே பேச்சுக் கொடுத்தார். பாயசக் கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை.

"அக்காவுக்கு இனிப்பு நீரா?" என்று கேட்டார். சர்க்கரை வியாதிக்கு அங்கே அதுதான் பெயர். "அப்ப வெறும் கோப்பின்னு சொல்லவே கூடாது தம்பி. கோப்பின்னாலே டின் பாலுதான். ‘கோப்பி ஓ கோசோங்’னு சொல்லணும். பாலு வேணும்னா ‘கோப்பி சி கோசோங்’. இந்த ரெண்டும் போதும், அக்கா பொழைச்சிக்குவாங்க."

எனக்குப் பேனா எடுக்காமல் இருக்க முடியவில்லை. அடுத்த அரைமணி நேரம் அவர் சொல்லச் சொல்லக் காகித நாப்கினில் எழுதிக்கொண்டேன். ஒரு சின்ன இலக்கணப் புத்தகமே தேறிற்று.

வேர்ச்சொல் கோப்பி. அதில் கன்டென்ஸ்டு மில்க்கும் அதன் இனிப்பும் ஏற்கெனவே அடங்கியிருக்கின்றன. மற்றதெல்லாம் அதிலிருந்து கழிப்பதும் கூட்டுவதும்தான். கோப்பி ஓ என்றால் பால் கிடையாது, சர்க்கரை உண்டு. ஓ என்பது ஹொக்கியன் மொழியில் கறுப்பு. கோசோங் மலாய்ச் சொல். காலி, சூன்யம், பூஜ்யம். அதைச் சேர்த்தால் சர்க்கரையும் போய்விடும். கோப்பி சி என்றால் கன்டென்ஸ்டு மில்க்குக்குப் பதில் எவாப்பரேட்டட் மில்க். அதாவது இனிப்புச் சேர்க்காமல் சுண்டக் காய்ச்சி டின்னில் அடைத்த பால். கோசோங் சொல்லாவிட்டால் அதிலும் தனியாகச் சர்க்கரை விழும். இந்தச் ‘சி’ எங்கிருந்து வந்தது என்பதில் இரண்டு கட்சி. கார்னேஷன் என்ற பால் டின்னின் ஆங்கில முதலெழுத்து என்பது ஒன்று. ஹைனான் தீவினரின் பேச்சில் புதியது என்று பொருள்படும் சொல் என்பது இன்னொன்று. பெங் என்றால் ஐஸ். கௌ என்றால் திக்காக. சாம் என்றால் காப்பியும் தேநீரும் ஒரே கோப்பையில் கலந்தது. இனிப்புக் குறைவாகப் போதுமென்றால் குராங் மானிஸ். பார்சலுக்கு புங்குஸ். பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ஸ்ட்ராவைச் செருகி, கயிற்றால் கட்டிக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

ஆக, கோப்பி சி கோசோங் பெங் என்று ஒருவர் சொன்னால், அந்த நாலு சொல்லுக்குள் மலாயும் ஹொக்கியனும், எந்தக் கட்சி ஜெயிக்கிறது என்பதைப் பொறுத்து ஆங்கிலமோ ஹைனானீஸோ அடக்கம். சொல்கிறவர் தமிழராக இருந்தால் உச்சரிப்பில் நாலாவது மொழியும் சேர்ந்துவிடும். எந்த ஒரு மொழிக்காரரும் இதைத் தனக்கே உரியது என்று சொல்லிக்கொள்ள முடியாது.

சொற்களின் வரிசையும் கவனிக்கத்தக்கது. தமிழில் அடைமொழி முன்னால் வரும். ‘சர்க்கரை போடாத, பால் கம்மியான, ஸ்ட்ராங்கான…’ என்று நாம் அடுக்கிக்கொண்டே போக, கலக்குகிறவர் கடைசிவரை என்ன வரப்போகிறது என்று தெரியாமல் காத்திருக்க வேண்டும். மலாயில் பெயர்ச்சொல்தான் முதலில். கோப்பி என்றதும் அவர் கை கோப்பையை எடுத்துவிடும். ஓ என்றால் பால் டின் பக்கம் போகாது. கோசோங் என்றால் சர்க்கரை டப்பாவைத் தொடாது. நாம் சொல்லி முடிக்கும்போது கோப்பி பாதி தயார். கூட்டம் நெரியும் காலை நேரத்தில் உருவான இலக்கணம் இது. எந்தப் புலவரும் எழுதி வைக்கவில்லை.

இந்தக் கடைகளைப் பெருக்கியவர்கள் சீனாவின் தென்கோடியில் உள்ள ஹைனான் தீவிலிருந்து வந்தவர்கள். ஹொக்கியன்காரர்களும் கான்டன்காரர்களும் முன்னாலேயே வந்து வியாபாரத்தையும் கைத்தொழிலையும் பிடித்துக்கொண்டுவிட, பிந்தி வந்த ஹைனான்காரர்களுக்கு மிஞ்சியது அடுப்படி. வெள்ளைக்காரர் வீடுகளிலும் கப்பல்களிலும் ஹோட்டல்களிலும் சமையல்காரர்களாகச் சேர்ந்தார்கள். அங்கேதான் காப்பியும் டோஸ்ட்டும் அவர்கள் கைக்கு வந்தன. பிறகு தனியாகக் கடை போட்டபோது துரை வீட்டுக் காலைச் சாப்பாட்டைத் துறைமுகக் கூலிக்குக் கட்டுப்படியாகும் விலைக்கு இறக்கினார்கள். ஜாம் போய், தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டிய காயா வந்தது. பசும்பால் போய் டின் பால் வந்தது. வெயில் நாட்டில், ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் கெடாத பால் அது ஒன்றுதான். கறந்த பால் விற்றவர்கள் பெரும்பாலும் இந்தியர்கள். அந்தப் பால் எல்லோருக்கும் காணாது.

காப்பிக்கொட்டையிலும் அதே சிக்கனம். விலை உயர்ந்த அராபிகா அல்ல, கசப்பும் கடுமையும் மிக்க ரோபஸ்டா. சில இடங்களில் லைபீரிகா. வறுத்து முடியும் தறுவாயில் உருளைக்குள் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்ப்பார்கள். சர்க்கரை கருகிக் கொட்டைமேல் பளபளவென்று பூசிக்கொள்ளும். ஆறியதும் பாளமாக ஒட்டிக்கொண்ட கொட்டைகளை உடைத்துத்தான் அரைக்க வேண்டும். மட்டமான கொட்டையின் முரட்டுத்தனத்தை மறைக்கவும், கொஞ்சம் பொடியில் நிறையக் கறுப்பு வரவும் கண்டுபிடித்த வழி. பொடியை நீளமான துணிப் பையில் போட்டு, கொதிநீர் ஊற்றி, மூக்கு நீண்ட தகரக் கெட்டில்களுக்கிடையே மாற்றி மாற்றி ஊற்றுகிறார்கள். துணிப் பை நம்மூர் டீக்கடை வடிகட்டிக்குப் பெரியண்ணன்.

இதையெல்லாம் பெரியவர் விவரித்தபோது அம்மாவின் முகத்தில் இருந்த இளக்காரத்தை நான் கவனித்தேன். சர்க்கரையும் மார்ஜரினும் போட்டு வறுத்தது காப்பியா என்று அந்த முகம் கேட்டது. எனக்குள்ளும் அதே கேள்விதான். ஆனால் கேட்க வாயெடுத்தபோது நாக்கு நின்றது. டில்லியில் எங்கள் வீட்டுப் பொடியில் கால்வாசி சிக்கரி. அது காப்பியே அல்ல. வறுத்து அரைத்த ஒரு செடியின் வேர். காப்பி விலை கட்டுப்படியாகாத இடங்களில் பொடியைப் பெருக்கவும் டிகாக்ஷனைக் கறுப்பாக்கவும் ஐரோப்பாவில் தொடங்கிய வழக்கம். இந்தியாவில் 49 சதவீதம்வரை சிக்கரி கலக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. சிக்கரி இல்லாத காப்பியைக் கொடுத்தால் "தண்ணியா இருக்கே" என்று அம்மாதான் முதலில் சொல்வாள். ஆக, அவர்கள் சிக்கனத்துக்குச் சர்க்கரை, நம் சிக்கனத்துக்குச் சிக்கரி. இரண்டு ஊரிலும் இல்லாமையில் பிறந்த கைவேலை, பேரன் பேத்தி காலத்தில் பாரம்பரிய ருசி ஆகிவிட்டது.

இன்னொரு உறவும் உண்டு. ரப்பருக்கு முன்னால் மலாயாவில் கரும்பும் காப்பியும்தான் தோட்டப் பயிர்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் லைபீரிகா காப்பித் தோட்டங்கள் பரவின. களையெடுக்கவும் பழம் பறிக்கவும் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். 1890களின் பிற்பகுதியில் பிரேசில் காப்பி உலகச் சந்தையில் குவிந்து விலை சரிந்தபோது துரைமார் காப்பியை விட்டு ரப்பருக்கு மாறினார்கள். தொழிலாளர்கள் மாறவில்லை. அதே ஆட்களின் கைக்கு வேறு கத்தி வந்தது. இங்கே காப்பி என்று நாம் முகம் சுளிக்கும் பானத்தின் தொடக்கத்தில் நம் ஊர்க்காரர்களின் வியர்வையும் கலந்திருக்கிறது. பெரியவரின் தாத்தா வந்தது ரப்பருக்கு. "அதுக்கு முந்தி வந்தவங்களுக்குக் கோப்பித் தோட்டம்" என்றார் அவர், அதிக உணர்ச்சியில்லாமல்.

பேசிக்கொண்டிருந்தபோதே பக்கத்து மேசைக்கு ஆவி பறக்க ஒரு நூடுல்ஸ் கிண்ணம் வந்தது. பன்றிக் கொழுப்பின் வாசனை. அம்மா சுத்த சைவம். வெங்காயம் சேர்க்காத நாட்கள் மாதத்தில் நாலைந்து உண்டு. நான் மெதுவாக, "எழுந்துடலாமா?" என்றேன். அம்மா சுற்றிலும் பார்த்தாள். புடவைத் தலைப்பை ஒருதரம் மூக்கில் வைத்து எடுத்தாள். பிறகு, "அவா கிண்ணம் அவா முன்னால இருக்கு. என் கோப்பை என் முன்னால இருக்கு. இருக்கட்டும்" என்றாள்.

சின்ன வாக்கியம்தான். ஆனால் அதை அவளிடமிருந்து நான் எதிர்பார்க்கவில்லை. காப்பியும் தமிழருக்குப் பழைய சொத்து அல்ல. ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்றே ஒரு புத்தகத்துக்குத் தலைப்பிட்டிருக்கிறார் ஆ. இரா. வேங்கடாசலபதி. வந்த புதிதில் அதைக் கண்டித்தவர்கள் உண்டு. பிறகு ஏற்றுக்கொண்டபோதும், யார் எங்கே உட்கார்ந்து குடிக்கலாம் என்று கோடு போட்டுக்கொண்டுதான் ஏற்றுக்கொண்டோம். பிராமணாள் காப்பி கிளப் என்று பலகை மாட்டியிருந்த ஹோட்டல்கள் எத்தனையோ. அந்தப் பலகைகளை எதிர்த்து 1957இல் பெரியார் போராட்டமே நடத்த வேண்டியிருந்தது. டீக்கடைகளில் தலித்துகளுக்குத் தனி டம்ளர் வைத்த ஊர்கள் அதற்குப் பிறகும் நெடுநாள் இருந்தன. அந்த மண்ணிலிருந்து வந்தவர்களுக்கு, முன்பின் தெரியாதவர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அதே கோப்பையில் குடிப்பது சாதாரண விஷயம் அல்ல.

பினாங்குக் காப்பிக்கடை சமத்துவச் சொர்க்கம் என்று இதை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. அன்று நான் எண்ணிப் பார்த்தேன். கடையில் முப்பது பேர் இருந்திருப்பார்கள். மலாய்க்காரர் ஒருவர்கூட இல்லை. பன்றி சமைக்கும் இடத்தில் முஸ்லிம்கள் உட்கார மாட்டார்கள். அவர்கள் போவது மாமாக் கடைக்கு. மாமாக் என்பது நம் மாமாவேதான். தமிழ் முஸ்லிம்களின் கடைகளுக்கு ஊரார் வைத்த செல்லப் பெயர். தோளில் காவடிபோல் தடி கட்டிச் சுமந்து விற்றதால் நாசி கண்டார் என்று பெயர் பெற்ற சோறும், தூக்கித் தூக்கி ஆற்றும் தே தாரிக் தேநீரும் அங்கே பிரசித்தம். அங்கே மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூவரையும் ஒரே வரிசையில் பார்க்கலாம். கோடுகள் இங்கேயும் உண்டு. ஆனால் அதன் இருபுறமும் உள்ளவர்கள் ஒரே பட்டியலில் இருந்து, ஒரே சொற்களில்தான் ஆர்டர் செய்கிறார்கள். மாமாக் கடையிலும் கோப்பி ஓ கோசோங் செல்லும்.

இந்தக் கலவைக் காலை உணவுக்கு இப்போது உலக அந்தஸ்து கிடைத்திருக்கிறது. மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டை 2024இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. ஜார்ஜ் டவுன் நகரமே 2008 முதல் உலகப் பாரம்பரிய நகரம். ஆனால் பட்டியலில் சேர்வது வேறு, வாடகை கட்டுவது வேறு. உலகப் போருக்கு முந்திய கட்டடங்களின் வாடகையை அடக்கி வைத்திருந்த சட்டம் 1997இல் ரத்தாகி, 2000ஆம் ஆண்டு பிறந்தபோது காலாவதியானது. பல தலைமுறையாக இருந்த குடித்தனக்காரர்களும் கடைக்காரர்களும் வெளியேறினார்கள். பாரம்பரிய அந்தஸ்து வந்த பிறகு சுற்றுலாப் பயணிகள் பெருகினார்கள். பல பழைய கடைவீடுகள் சின்ன ஹோட்டல்களாகவும் ஏ.சி. போட்ட கஃபேக்களாகவும் மாறின. அங்கே பழைய சலவைக்கல் மேசையை அழகுக்காகப் போட்டிருக்கிறார்கள். காப்பி விலை கோப்பித்தியாமைப்போல் நாலைந்து மடங்கு. "நோ சுகர்" என்றால் சரியாகப் புரிந்துகொள்கிறார்கள்.

நாங்கள் போன கடையைக் கணவனும் மனைவியுமாக நடத்துகிறார்கள். இருவருக்கும் அறுபதைத் தாண்டியிருக்கும். காலை ஐந்து மணிக்கு அடுப்பு மூட்ட வேண்டும். மகன் சிங்கப்பூரில் எஞ்சினீயர். "அவன் வரமாட்டான். வரவேணாம்னு இவங்களே சொல்லிட்டாங்க" என்றார் பெரியவர். பையன்களைப் படிக்க வைத்ததே இந்த அடுப்பிலிருந்து தப்பிப்பதற்காகத்தான். அதில் குறை சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? மெஸ் நடத்தியவர்களின் பிள்ளைகளும், வீட்டிலேயே காப்பிக்கொட்டை வறுத்து அரைத்தவர்களின் பிள்ளைகளும் எங்கே போனார்கள் என்பது நமக்குத் தெரியும். நான் டில்லிக்கு வந்ததும் அந்த வகையில்தான்.

அன்று டம்ளர் இல்லாததால் அம்மா கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சூடான பீங்கானை வாயில் படாமல் தூக்கிக் குடிக்க முடியாது. எதிர்ச்சாரியில் உட்கார்ந்திருந்த ஒரு சீனக் கிழவர் தன் கோப்பியைச் சாஸரில் ஊற்றி ஆறவிட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தார். பழைய ஆட்கள் அப்படித்தான் குடிப்பார்களாம். அம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தானும் சாஸரில் ஊற்றினாள்.

நான்காம் நாள் காலை விமானத்துக்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை போனோம். பெரியவர் வந்திருக்கவில்லை. கடைக்கார அம்மையார் அருகில் வந்தார். நான் நாப்கினை எடுப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"கோப்பி சி கோசோங். கௌ."

ஒரு கணம் அவர் அம்மாவைப் பார்த்தார். பின்பக்கம் திரும்பி, கணவருக்குக் கேட்க ஹொக்கியனில் உரக்க ஒரு சத்தம் கொடுத்தார். அதில் எங்களுக்குப் புரிந்தது கோப்பி என்ற ஒரு சொல்தான். வந்தது கரும்பழுப்பில், நுரை இல்லாமல், கருகிய சர்க்கரையின் மணத்தோடு ஒரு கோப்பை. அடியில் எதுவும் தேங்கியிருக்கவில்லை. டம்ளர் கைப்பையில்தான் இருந்தது. அம்மா அதை வெளியே எடுக்கவில்லை. சாஸரில் ஊற்றிக் குடித்தாள்.

"எப்படி?" என்றேன்.

"குடிக்கலாம்."

அவள் அகராதியில் அது பெரிய சான்றிதழ். பகல் கணக்குப்படி கருவி காட்டிய எண் 151.

டில்லிக்குத் திரும்பி ஒரு வாரம் இருக்கும். பக்கத்து ஃபிளாட்டிலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள். எங்கள் வீட்டுக் காப்பிக்கு எப்போதும் ஒரே அளவுதான். அம்மா கலப்பதுதான் காப்பி. சர்க்கரை கூடக் கொஞ்சம் என்றோ, பால் வேண்டாமென்றோ சொன்னவர்களை அவள் காப்பி குடிக்கத் தெரியாதவர்கள் பட்டியலில் சேர்த்துவிடுவாள். அன்று டிகாக்ஷனை இறக்கிவிட்டு, கரண்டியோடு கூடத்துக்கு வந்து நின்றாள்.

"உங்களுக்குக் காப்பி எப்படி இருக்கணும்?" என்று கேட்டாள்.

இத்தனை வருஷத்தில் அவள் யாரையும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.